தாம்பாளத்தில் வந்த பால் ஜாயிண்ட்

எனக்குப் பயம் அதிகம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வீடு திரும்புகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் சொந்தமாகக் கார் கட்டக் கிளம்பியது ஏன் என்று மனைவி இன்றும் கேட்கிறாள். சுங்கை சிப்புட்டில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எங்கள் வீடு. அதன் பின்கொட்டகையில், பின்னால் எஞ்சினும் முன்னால் இரண்டே இருக்கைகளுமாக ஒரு சின்ன வண்டியை நானே குழாய் வெட்டிப் பற்றவைத்து எழுப்பினேன்.

ஸ்டீரிங்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் நுனியில் ஒரு பால் ஜாயிண்ட் இருக்கும். கிண்ணத்துக்குள் உருண்டை, அதிலிருந்து நீளும் ஒரு கழுத்து, அவ்வளவுதான். பிரேக் போனால்கூடக் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து ஏதாவது பார்க்கலாம். இது ஒடிந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். எதிரே லோரி வந்தால் கும்பிடத்தான் முடியும். ஜெலாப்பாங் உதிரிபாகக் கடையில், சாதாரணக் கார்களுக்குப் போடுகிற, ரப்பர் உறை மூடிய தடித்த ஜாயிண்ட்டாகப் பார்த்து வைத்திருந்தேன். அழகில்லை, ஆனால் நன்றாகச் சாய்ந்து கொடுக்கும்.

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். என் மனைவியின் அண்ணன், லோரி ஓட்டுகிறவர். என்னைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. புது வண்டிக்குத் தாய்வீட்டுச் சீர் என்று ஒரு தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சுப் பழம். நடுவே, குங்குமம் வைத்த, பளபளக்கும் பந்தய ஜாயிண்ட்டுகள்.

“மச்சான், இது கொஞ்சந்தான் சாயும். அதுக்கு மேல போனா கழுத்து ஒடிஞ்சிரும்,” என்றேன்.

“ரேஸ்ல போடுற சாமான் லா! நீங்க நிழலப் பாத்தே பயப்படுற ஆளு.”

“அண்ணன் ஆசையா கொண்டாந்திருக்கு,” என்றாள் மனைவி.

சீரைத் திருப்பிக் கொடுத்தால் அவள் எந்த முகத்தோடு தாய்வீட்டு வாசலை மிதிப்பாள்? பூட்டினேன். வண்டியைத் தரையில் நிறுத்தி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை.

கோயிலில் பூசை போட்டுவிட்டு, நாங்கள் இருவரும் அதே வண்டியில் ஹுத்தான் மெலிந்தாங்கிலுள்ள மாமியார் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோயில்வரை ஊர்ந்துதான் ஓட்டினேன். வாசலில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது, இடது முன்சக்கரம் லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்துப் பள்ளத்தில் தொங்கி இறங்கியது. அடியில் ‘டிக்’கென்று ஒரு சத்தம்.

“கல்லு லா,” என்றார் வாசலில் காத்திருந்த மச்சான்.

குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மெல்ல நகர்த்தினேன். மற்றதெல்லாம் நசுங்கியது. இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் பக்கவாட்டில் துள்ளி ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா வாயில் கைவைத்தார். “வேற பழம் வைங்க சாமி,” என்றார் மச்சான்.

எனக்குச் சகுனம் பார்க்கத் தெரியாது. நேராக உருளும் சக்கரம் பழத்தை உதறாது என்று மட்டும் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பட்டு வேட்டியோடு தரையில் படுத்தேன். ஜாயிண்ட்டின் கழுத்து வளைந்திருந்தது. தரையில் நின்றபோது இடிக்காதது, பள்ளத்தில் சக்கரம் தொங்கியபோது இடித்திருக்கிறது. அதன் குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு கோடு. இந்தக் கழுத்தை நம்பித்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் மனைவியை நெடுஞ்சாலையில் கூட்டிப்போக இருந்தேன். இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள், மேலே வண்டியில் உட்கார்ந்திருந்த அவள் சும்மா இருக்கமாட்டாமல், எட்டி ஸ்டீரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். என் கண்ணெதிரே கழுத்து ஒடிந்து கம்பி கீழே தொங்கியது. வலது சக்கரம் திரும்பியது. இடது சக்கரம் அப்படியே நின்றது.

“என்னங்க, ஸ்டீரிங் பூ மாதிரி லேசா இருக்கே!” என்று மேலிருந்து சிரித்தாள்.