கடலில் நின்ற பச்சைப் புள்ளி

எங்கள் தொழிலில் எது பழுதானாலும் முதலில் வருகிற பதில் "என்ரை போனிலை வேலை செய்யுதே" என்பதுதான். கைபேசிச் செயலிகளைச் சோதித்துப் பிழை பிடிப்பது என் வேலை. இதே வேலையில் மாட்டுப்பட்டவர்களுக்கும், திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்தே வாழ்நாளைக் கழிக்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் விளங்கும்.

பிழைகளிலே படுமோசமானது இணைப்புப் பிழை. மற்றப் பிழைகள் ஒரு இடத்தில் இருக்கும், தேடினால் அகப்படும். இது வைஃபையில் இருக்கலாம், போனில் இருக்கலாம், சேர்வரில் இருக்கலாம், நடுவில் எங்கோ ஒரு கோபுரத்தில் இருக்கலாம். ஆளுக்காள் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். நான் சொல்லப்போவது ஒரேயொரு செயலியைப் பற்றி. குருநகர்க் கரையிலிருந்து சிறு படகுகளில், எங்கள் பேச்சில் போட்டுகளில், மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களுக்காக, யாழ்ப்பாண நகரத்தில் உள்ள எங்கள் சின்ன அலுவலகம் அதைச் செய்தது. போட்டில் இருக்கிற போன், தான் நிற்கும் இடத்தை இடைக்கிடை எங்கள் சேர்வருக்கு அனுப்பும். வீட்டிலே மனைவியின் போனில் அது கடல் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். இவ்வளவுதான் செயலி.

தனக்குள்ளே தேடிய போன்

செயலியை எழுதியவன் கௌதமன். சுன்னாகம் ஊர்க்காரன், கெட்டிக்காரன், என் எதிர் மேசை. லப்டொப் திரைக்குள் ஒரு பொய்ப் போனை ஓடவிட்டு அவன் காட்டியபோது புள்ளி அழகாக நகர்ந்தது. அதையே உண்மையான போனில் போட்டு என் கையில் தந்தான். புள்ளியைக் காணவில்லை. வைஃபையை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். போனை நிற்பாட்டிப் போட்டேன். பக்கத்து ரியூசன் வகுப்பின் வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டதோ என்றும் பார்த்தேன். இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஷயம் வெளித்தது. சேர்வரின் முகவரி என்று கௌதமன் எழுதி வைத்திருந்தது "இதே இயந்திரம்" என்று பொருள்படும் முகவரியை. சோதனைக்கான சேர்வரும் பொய்ப் போனும் அவனுடைய லப்டொப்பிலேயே ஓடியதால் அங்கே சரிவந்தது. உண்மையான போனில் "இதே இயந்திரம்" என்றால் அந்தப் போன்தான். கௌதமன் அதைக் கையில் எடுத்துத் துடைத்துவிட்டுச் சொன்னான்: "பாவம், காலமை துவக்கம் சேர்வரைத் தனக்குள்ளையே தேடிக்கொண்டு இருந்திருக்கு."

சருவத்துக்குள் கடல்

அடுத்தது, சிக்னல் இல்லாத இடத்தில் செயலி என்ன செய்யும் என்று பார்க்கவேண்டும். போனில் உள்ள விமானப் படத்தை அழுத்தி இணைப்பைத் துண்டித்துப் பார்க்கலாம். எல்லாரும் செய்வது அதுதான். ஆனால் அப்படிச் செய்தால் தன் இணைப்பு போய்விட்டது என்று போனுக்கே தெரிந்துவிடும். எங்களுக்கு வேண்டியது, இருக்கிறதோ இல்லையோ என்று போனுக்கே தெரியாத நிலை. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து சோறு காய்ச்சுகிற ஒரு பெரிய அலுமினியச் சருவத்தை மூடியோடு பஸ்சில் கொண்டுவந்தேன். போனை உள்ளே வைத்து மூடினால் சிக்னல் விட்டு விட்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அன்ரன் அண்ணை உள்ளே வந்தார். செயலியைக் கடலில் சோதிக்கச் சம்மதித்த கடற்றொழிலாளி அவர். நான் சருவத்தின் மூடியைத் திறப்பதையும் மூடுவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டினார். "கடல் சருவத்துக்குள்ளை இல்லைத் தங்கச்சி. போனைத் தாங்கோ, நான் கொண்டு போறன்."

அக்கரைக் கோடுகள்

முதல் தரம் கொண்டுபோனபோது புள்ளி குறிப்பிட்ட தூரம் வரைக்கும் வந்து, பிறகு நின்றுவிட்டது. அன்ரன் அண்ணை திரும்பி வந்து, அங்கே சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன என்று சத்தியம் பண்ணினார். கௌதமன் நம்பவில்லை. நான் போனுக்கு வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்தேன். இந்தியாவுக்கு நல்வரவு என்று ஒன்று இருந்தது.

கரையை விட்டு எட்டப் போனதும் எங்கள் கோபுரங்கள் மங்கிவிடும். போன் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு இணைப்பில் டேற்றா போகாதபடி நாங்களே பூட்டி வைத்திருந்தோம். ஆகவே கோடுகள் நிறைய இருந்தும் ஒரு சொல்லும் கரைக்கு வராது. கோட்டை நம்பாதே, சேர்வரிடமிருந்து பதில் வந்ததா என்று பார் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதை அன்றைக்குத்தான் உண்மையாகப் படித்தோம். கௌதமன் போனை எங்கள் நாட்டு இணைப்பை மட்டும் பிடிக்கும்படி மாற்றினான். அன்ரன் அண்ணைக்கு வேறு கவலை. கரையில் யாரும் தப்பாகக் கதைத்துவிடக்கூடாது என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார்: "நாங்கள் எல்லை தாண்டேல்லைத் தங்கச்சி. போன்தான் தாண்டினது."

குசினியில் ஒரு கடல்

பிறகு வீட்டுப் போன்களிலும் செயலியைப் போட்டோம். அன்ரன் அண்ணையின் மனைவி றெஜினா அக்காவின் போனில் நானே போட்டுக் கொடுத்தேன். அந்தோனியார் படத்துக்குக் கீழே போனைச் சாத்தி வைத்துவிட்டு, புள்ளி நகர்வதைப் பார்த்தபடியே அவர் புட்டுக்கு மா குழைத்தார். எங்கள் வேலையை அவ்வளவு அன்போடு பார்த்த ஒரு முகத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கியது. அவர் சொன்னார்: "முந்தி விடிய வெள்ளாப்பிலை கரைக்குப் போய் நிண்டுகொண்டிருப்பன். இனி இதிலை பாத்தாலே போதும்."

"அது பிழையில்லை"

ஒரு நாள் அலுவலகத்தில் இரண்டு போன்களை வைத்து, படகுப் போன் என்று வைத்ததை நிற்பாட்டி மேசை லாச்சிக்குள் போட்டேன். வீட்டுப் போன் என்று வைத்ததில் புள்ளி பச்சையாகவே நின்றது. பின்னேரம் வரை பச்சை. கடைசியாக வந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் வந்தது போலக் காட்டிக்கொண்டிருந்தது. இணைப்பு இருக்கிற பச்சைக்கும் இணைப்பு அறுந்த பச்சைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பெரிய பிழை, இணைப்பு அறுந்தால் நிறம் மாறவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

செயலிக்குப் பணம் தந்த திட்டத்தின் அலுவலர் கூட்டத்துக்கு வந்தார். நல்ல மனிதர், குளிரூட்டிக்குக் கிட்ட இருந்தார். புள்ளி அடிக்கடி நிறம் மாறினால் பெண்கள் அழுதுகொண்டு தொலைபேசி எடுப்பார்கள், செயலியை யாரும் விரும்பமாட்டார்கள் என்றார். நான் விடவில்லை. என் குரல் கூடிவிட்டது என்று பிறகு கௌதமன் சொன்னான். அவன் அந்த நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் தொழிலில் "அது பிழையில்லை, அப்படித்தான் இருக்கவேணும்" என்று ஒரு முத்திரை உண்டு. அதைக் குத்திவிட்டால் சோதிக்கிறவளின் வாய் அடைபட்டுவிடும். அலுவலர் எழும்பும்போது சிரித்துக்கொண்டே குத்தினார்: "சனத்தைப் பயப்படுத்துற மாதிரி ஒண்டும் வேண்டாம். பச்சை நிண்டால் நிண்டிட்டுப் போகட்டும்."

விடியமுதல் வந்த பச்சை

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக் காலம். வெயில் நன்றாக ஏறிவிட்ட ஒரு காலையில் றெஜினா அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் பதற்றம் இல்லை. மற்றப் போட்டுகள் எல்லாம் வந்துவிட்டன, இவரை மட்டும் காணவில்லை, ஆனால் புள்ளி பச்சையாகத்தான் நிற்கிறது, வலையில் மீன் கூடப் பட்டிருக்கும்போல என்றார். கரையிலிருந்து அன்ரன் அண்ணையின் தம்பி யூட் வந்து கேட்டபோதும் போனைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டாராம்.

நான் சேர்வரைத் திறந்து பார்த்தேன். அன்ரன் அண்ணையின் போனிலிருந்து கடைசிச் செய்தி விடியமுதல், இருட்டோடு வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூடி மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அக்கா, அது விடியமுதல் வந்த பச்சை. அதுக்குப் பிறகு அண்ணையிட்டை இருந்து ஒண்டும் வரேல்லை" என்றேன். அந்தப் பக்கம் அடுப்பை நிற்பாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் என்னைக் கேட்டார்: "அப்ப நான் காலமை முழுக்க என்னத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான்?"

தலைக்கு மேலே பிடித்த போன்

கடைசியாகச் செய்தி வந்த இடத்தை யூட்டுக்குச் சொன்னேன். மூன்று போட்டுகள் போயின. அந்த இடத்தில் அவர் இல்லை. அங்கிருந்து சோளகம் தள்ளுகிற பக்கமாகத் தேடிக்கொண்டு போனார்கள். இடம் உண்மை, நேரம்தான் பொய் என்று எனக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நான் குருநகர்க் கரையில் நின்றேன். றெஜினா அக்கா செபமாலையை உருட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொழுதுபடுவதற்கு முதல் அவருடைய போட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் பழுதாகி, கொண்டுபோன தண்ணீர் முடிந்து, உதடு வெடித்து, எழும்ப ஏலாமல் கிடந்தார் அன்ரன் அண்ணை. ஆனால் போனை மட்டும் கையில் இருந்து விடவில்லை. அழைப்பு எடுபடாவிட்டாலும் புள்ளி கரைக்குத் தெரியட்டும் என்று நாளெல்லாம் அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன் இடம் கரைக்குப் போகிறது என்று காட்டுகிற அவருடைய திரையிலும் பச்சைதான். இரண்டு பக்கத்தையும் ஒரே பொய்யால் சமாதானப்படுத்தி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "அவள் பாத்துக்கொண்டுதானே இருக்கிறாள் எண்டு நினைச்சன். அதாலை எனக்குப் பயம் வரேல்லை."

சாம்பல் புள்ளி

கௌதமன் யாரிடமும் கேட்காமல் செயலியை மாற்றினான். செய்தி வருவது நின்றால் புள்ளி சாம்பலாகும், பக்கத்தில் "தொடர்பு இல்லை" என்றும் கடைசியாகக் கண்ட நேரமும் வரும். திட்டத்து அலுவலருக்குச் செய்துமுடித்த பிறகுதான் அறிவித்தோம். இந்த முறை அவர் தடுக்கவில்லை.

புதிய செயலியை றெஜினா அக்காவின் போனில் போடப் போனபோது எனக்கு அந்த வீட்டு வாசலில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. அன்ரன் அண்ணை மறுபடி தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அக்காவும் மறுபடி வெள்ளாப்பில் கரைக்குப் போகிறார், போனையும் கொண்டு. கடலில் எட்டப் போனால் சிக்னல் குறைவு, புள்ளி அடிக்கடி சாம்பலாகத்தான் போகும், சும்மா சும்மா பயம் வரும் என்று நான் இழுத்தேன். வேண்டுமென்றால் கொஞ்சம் பிந்திச் சாம்பலாகிறபடி மாற்றித் தரலாம் என்றும் சொன்னேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பயப்பட வேண்டிய நேரம் நான் பயப்படுறன் தங்கச்சி. அதை என்னட்டை இருந்து எடுக்காதேங்கோ."

எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் எல்லாப் போன்களிலும் சிக்னல் கோடுகள் நிறைந்துதான் நிற்கின்றன; அதைப் பார்க்கிறபோதெல்லாம் நான் சேர்வரைத் திறந்து, கடைசிச் செய்தி எப்போது வந்தது என்று பார்க்கிறேன்.