வட்டைத் துடைக்கும் மத்தியானம்

எங்கள் புதுச்சேரியில் மத்தியானம் கடைகளைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம். வெளியூர்க்காரர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், என் பிழைப்பே அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

கடல் கடந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேமில், அதாவது பெரிய கணினியில், கணக்குகள் பதிந்திருக்கும் வட்டுகளை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். நாம் சாப்பிட்டுச் சாயும் நேரத்தில் அங்கே இன்னும் விடிந்திருக்காது. இயந்திரமும் சும்மா இருக்கும். நாடாவில் ஒன்றைத் தேடினால் பழைய கேசட் மாதிரி ஓட்டிக்கொண்டே போக வேண்டும். வட்டு அப்படியில்லை. பெரிய மார்க்கெட்டில் வாடிக்கை மீன்காரம்மாவிடம் நேரே போய் நிற்பதுபோல, விலாசம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு வட்டுக்கும் எண்ணும் எழுத்துமாக நாலு குறி கொண்ட விலாசம். பழையதைத் துடைத்து அழிக்கும்போது அதைக் கொடுத்தால், நிஜமாகவா என்று இயந்திரம் ஒரு தடவை கேட்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் கதை முடிந்தது.

அதனால் தட்டுவதற்கு முன் திரையில் உள்ளதைச் சத்தமாகப் படிப்பேன். வேலை உத்தரவை வைத்துக்கொண்டு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அந்த இன்னொருவர், பூட்டு, தாழ்ப்பாள் விற்கும் என் கணவர். மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுது, சாப்பிட்டு, பாயில் சாய்வதற்கு முன் வந்து உட்காருவார். மெயின்ஃப்ரேம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

இந்த வருஷம் சென்னை ஆபீசில் பெரிய பதவி வந்தது. எனக்குப் போக ஆசை. கடையை விட்டு வரமாட்டேன் என்றார் அவர். பேச்சு முற்றி, அங்கே சரிபார்க்க ஆயிரம் பேர் இருப்பார்கள், உங்கள் தயவு வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஒரு வட்டைத் துடைக்க வேண்டியிருந்தது. நான் கூப்பிடவில்லை. அவராகவே வந்து உத்தரவுத் தாளை எடுத்துக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் படித்தேன்.

“ஆறு, ஏ, எட்டு, எஃப்.”

“எட்டு இல்ல. மூணு போட்டிருக்கு.”

தாளில் மூன்றுதான், நான்தான் எட்டைத் தட்டியிருந்தேன். எட்டு உள்ள விலாசத்தில் இருந்தவை, யார் யாருக்கோ இன்னும் இழப்பீடு போய்ச் சேர வேண்டிய கணக்குகள். திருத்தி, மறுபடி படித்து, அவர் தலையாட்டிய பிறகே தட்டினேன். வேலை சுத்தமாக முடிந்தது. பயம் போனதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவள் நானல்லவா.

பாயை விரித்தபடி அவர் சொன்னார்: “அங்க ஒரு கடை போடலாமான்னுகூட யோசிச்சேன்மா. ஆனா சென்னையில மத்தியானம் எவன் கடையச் சாத்துறான்? இந்நேரத்துக்கு நான் வீட்டுக்கு வரமுடியாது.”

மேலதிகாரிக்கு எழுதினேன்: பதவி கொடுப்பதென்றால் இங்கேயே கொடுங்கள், சென்னைக்கு வருவதாக இல்லை. ஏன் என்று உடனே கேட்டார். எங்கள் ஊரில் மத்தியானம் கடை சாத்துவார்கள் என்று பதில் அனுப்பினேன். அவருக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டியவர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.