மாடு இறங்கக் கூடாத குட்டை

வெர்ஜோல் ஊரில் ஒதில் பெர்துவாவை அன்பானவள் என்று யாரும் சொன்னதில்லை. அறுபத்து மூன்று வயது, காலில் ரப்பர் பூட்ஸ், முகத்தில் அடித்தாற்போல் பேச்சு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மாடு இருந்த ஊர் அது. மற்றவர்கள் மாட்டை விற்றுக் கோதுமைக்கு மாறி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கப் பழகிவிட்டார்கள். இவள் மட்டும் இருபத்திரண்டு கறவைகளோடு தினம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்பாள். எவனுக்கும் துணிச்சல் வரவில்லை என்பது ஊர்ப்பேச்சு.

அவளுடைய மேய்ச்சல் நிலம் ஊருக்கு அந்தப் பக்கம். அங்கே கிணறும் இல்லை, குழாயும் இல்லை. போகும்போதும் வரும்போதும் மாடுகள் தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் ஊர்க் குட்டையில் இறங்கி வயிறு முட்டக் குடிக்கும். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் ஒதிலுக்கு மாடும் இல்லை.

இப்படியிருக்க, கிவ்ரி என்பவர் மேயரானார். நகரத்தில் காப்பீட்டு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று, இங்கே கல் வீடு வாங்கிக் குடியேறியவர். வேறு யாரும் நிற்காததால் ஜெயித்தார். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். வந்ததிலிருந்து பாரம்பரியம், பாரம்பரியம் என்று ஒரே பாட்டு. பன்றித் தொட்டியில் பூச்செடி வைத்தார், உடைந்த ஏருக்கு வார்னிஷ் அடித்தார். அதோடு விட்டாரா? குட்டைக்கு வந்தார். சேற்றை அள்ளி, வேலி போட்டு, செப்டம்பரில் வரும் பாரம்பரிய நாளன்று திறக்கப் போகிறாராம்.

ஊராட்சிக் கூட்டத்தில் ஒதில் எழுந்தாள்.

"அடியில கிடக்கிறது சேறு இல்ல மேயரே, களிமண்ணு. மாடு மிதிச்சு மிதிச்சுத்தான் அது இறுகித் தண்ணியப் பிடிக்குது. மாட்டை நிறுத்துனீங்கன்னா குட்டையில தண்ணி நிக்காது."

"பாரம்பரியம் சாணி நாத்தம் அடிக்கக் கூடாது பாருங்க மேடம்" என்றார் கிவ்ரி.

பதினோரு உறுப்பினர்களும் சிரித்தார்கள், பதினோரு கையும் தூக்கினார்கள். எல்லாம் அந்தக் குட்டையில் தண்ணீர் குடித்த மாட்டின் பாலில் வளர்ந்த கைகள். வெட்கம் கெட்டவர்கள்.

மே மாதம் வேலி வந்தது, பலகையும் வந்தது. பலகையில் பெரிதாக ஒரு பழைய புகைப்படம்: ஒதிலின் அப்பா கோலோடு நிற்க, ஒன்பது மாடுகள் குட்டையில் தண்ணீர் குடிக்கின்றன. அதற்குக் கீழேயே, 'கால்நடைகளுக்கு அனுமதி இல்லை.' எழுதியவனுக்கும் உறைக்கவில்லை, படித்தவர்களுக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. ஒதில் டிராக்டரில் தொட்டி கட்டி, தினம் இரண்டு நடை ஆற்றிலிருந்து தண்ணீர் இழுத்தாள். ஆகஸ்டில் முழங்கால் விட்டுப்போயிற்று. மாட்டு வியாபாரியின் லாரி வந்தது. செரீஸ் என்ற கிழட்டுச் சிவப்பி ஏற மறுத்தது. ஒதிலே பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாள். லாரி போன பிறகு வெறும் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டே அழுதாள். அத்தனையும் ஆத்திரம்.

செப்டம்பரில் குட்டை பாளம் பாளமாக வெடித்தது. தீயணைப்பு வண்டி வைத்து நிரப்பினார்கள். மறுநாள் காலையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நகரத்திலிருந்து வந்த நிபுணர் குனிந்து பார்த்துவிட்டு, மாடு விட்டு மிதிக்கணும் என்றார். சான்றிதழ் வைத்திருந்தவர் சொன்னதால் இப்போது கேட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கிவ்ரி கேக் பெட்டியோடு ஒதிலின் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு ரெண்டு நாள் உங்க மாடுங்களை..."

ஒதில் தொழுவக் கதவைத் திறந்து காட்டினாள்.

"வித்துட்டேன். உங்க பலகையில ஒம்பது நிக்குதே, அதுங்களை எறக்கிக்கோங்க."

பாரம்பரிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை, வேறு வழியில்லாமல் மேயரும் பதினோரு பேரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, குட்டையை நனைத்து, சுற்றிச் சுற்றி மிதித்தார்கள். ஒதில் மாடு ஓட்டும் கோலை ஊன்றிக்கொண்டு வேலியோரம் நின்று பார்த்தாள்.

"கரையோரமும் மிதிங்க" என்றாள். "சாயங்காலம் கறக்க வரேன்."

இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.