வருத்தம் பார்க்க வந்த மாமி

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்து அவியிற மணம்... எனக்கு இன்றைக்கும் அதுதான் காய்ச்சலின் மணம்.

பன்றிக்காய்ச்சல் வந்த வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயசு. மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில் லிஃப்ட் இல்லாத கட்டிடம், நாலாம் மாடி. நானும் அம்மாவும் ஒரே கட்டிலில் போர்த்துக்கொண்டு கிடந்தோம். அப்பாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு குசினிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை, நான் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. மண்டபம் எடுத்து, சாப்பாட்டுக்குச் சொல்லி, ரூ காய் கடைத்தெருவில் சீலையும் எடுத்தாயிற்று. அப்பா நம்பர் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்துச் சொன்னார்.

"பிள்ளைக்கும் தாய்க்கும் கிறிப் காய்ச்சல். சாமத்திய வீட்டைப் பின்னுக்குப் போட்டிருக்கிறம். குறை நினையாதேங்கோ."

அங்கேதான் மனுஷன் பிழை விட்டார். கொண்டாட்டம் இல்லையென்றால் எங்கட சனம் வராமல் இருக்கும்... வருத்தம், காய்ச்சல் என்று சொன்னால் பார்க்க வராமல் இருக்குமா?

சனிக்கிழமை காலையிலிருந்தே இன்டர்போன் அடித்தது. மண்டபத்துக்கு வரவென்று லீவு போட்டிருந்த சனம் எல்லாம் திராட்சையும் ஒரேஞ்சுமாக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்பா ஒருவரையும் உள்ளே விடவில்லை. காஸ் மீட்டர் பார்க்க வருகிறவரையே தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பாத ஆள் அவர். அன்றைக்குக் கதவைக்கூடத் திறக்காமல், "வாசல்லை வச்சிட்டுப் போங்கோ" என்றார். படியிறங்கும்போது ஒருவர், "பிரெஞ்சுக்காரனா மாறிட்டார் போல" என்று சொன்னது எனக்குக் கட்டிலில் கேட்டது. வெட்கமாக இருந்தது. சுகமாகிப் பள்ளிக்கூடம் போனால் இந்தச் சனத்தின் பிள்ளைகளைத்தானே பார்க்கவேண்டும்...

மத்தியானம் போல ராணி மாமி வந்தா. அப்பாவின் அக்கா. இந்த நாட்டில் அப்பாவுக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு. லெ பிளாங்-மெனிலிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி, ஒரு கையில் கொத்தமல்லித் தண்ணி ஊற்றிய சுடுதண்ணிப் போத்தல், மற்றக் கையில் பேத்தி லயா. நாலு மாதக் குழந்தை. மாமியின் மகள், என் மச்சாள், சனிக்கிழமையும் வேலைக்குப் போவதால் மாமிதான் குழந்தையைப் பார்ப்பா.

கீழ்க்கதவின் கோட் மாமிக்குத் தெரியும். நேரே மேலே வந்து தட்டினா.

"தம்பி, கதவைத் திற. நான்தான்."

"அக்கா, உள்ளுக்கு வராதை. திரும்பிப் போ."

"பிள்ளையோடை நாலு மாடி ஏறி வந்திருக்கிறன். ஒருக்காப் பார்த்திட்டுப் போறன்."

"போ எண்டுறன்."

பிறகு மாமியின் குரல் உடைந்துபோய் வந்தது. "நான் இடுப்பிலை தூக்கித் திரிஞ்ச பொடியன் நீ. என்னையே வாசல்லை நிப்பாட்டுறியோ?"

எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. தலை சுற்றச் சுற்ற எழும்பிப் போய்க் கதவுத் திறப்பில் கையை வைத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவோடு முகத்தை வைத்து மெதுவாகக் கேட்டார்.

"அக்கா... செல்வியக்கான்ரை பிள்ளையை மறந்திட்டியோ?"

அந்தப் பக்கம் லயா மட்டும் ஏதோ மழலையில் கதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு போத்தலை நிலத்தில் வைக்கிற சத்தம். பிறகு செருப்புச் சத்தம்... ஒவ்வொரு படியாக, மிக மெதுவாக, நாலு மாடியும் இறங்கிப் போனது.

அப்பா சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணியை எனக்குப் பருக்கிக்கொண்டுதான் சொன்னார். ஊரில் ஹொங்கொங் காய்ச்சல் பரவிய காலம் அவருக்கு எட்டு வயசு, மாமிக்குப் பன்னிரண்டு. வீட்டில் மாமியைத் தவிர எல்லாரும் பாயில். பக்கத்து வீட்டுச் செல்வியக்கா கைக்குழந்தையோடு வருத்தம் பார்க்க வந்தவ, அடுப்பு மூட்டாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கஞ்சி வைக்கக் குசினிக்குள் போயிருக்கிறா. குழந்தையை மாமி வாங்கி, அப்பாவின் பாயில் இருத்தி விளையாட்டுக் காட்டினா. அப்பாவும் கையை நீட்டி விளையாடினாராம்.

அப்பா எழும்பிவிட்டார். அந்தக் குழந்தை எழும்பவில்லை.

"ஒருத்தரும் எங்களை ஒண்டும் சொல்லேல்லை. செல்வியக்காகூட." அப்பா கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் அக்காவும் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கேல்லை. இண்டைக்குத்தான்..."

மாமி மூன்று மாதம் எங்களோடு கதைக்கவில்லை. அம்மா எடுத்தாலும் போனை வைத்துவிடுவா. வசந்தத்தில் சாமத்திய வீடு நடந்தபோது வந்தா. ஆலத்தி எடுத்தா. லயாவைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்தா. படம் எடுத்து முடியும்வரை அப்பா குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை.

போன குளிருக்கு எனக்கு மறுபடியும் கிறிப். இப்போது லா ஷப்பலில் தனிய இருக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னதும் இதயங்களும் கும்பிட்ட கைகளும் வந்து விழுந்தன. ஆள் ஒருவரும் வரவில்லை. கொரோனா எல்லாருக்கும் படிப்பித்துவிட்டது. சரிதான், வரக்கூடாதுதான்... ஆனாலும் நாள் முழுக்கப் படிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். யாராவது வந்தால்தானே வராதேங்கோ என்று சொல்லலாம்.

பின்னேரம் கதவு தட்டுப்பட்டது.

"யார்?"

"லயா."

பதினாறு வயசு. வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற பிள்ளை. அன்றைக்குத் தமிழில், பாடமாக்கியதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அன்ரி, கதவைத் திறக்க வேண்டாமாம். வாசல்லை வச்சிட்டு வரட்டாம். அம்மம்மா சொன்னவ."

போத்தலை வைக்கிற சத்தம். பிறகு அவளுடைய சப்பாத்து இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து இறங்கியது. அது கீழே போய் முடியும்வரை கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் திறந்தேன். போத்தல் இன்னும் சூடாக இருந்தது.