ஜூஸ் போத்தலில் ஃபிக்ஸர்

இன்னிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல கார் புக் பண்ணி ரவாங் போனேன். மடியில ரெண்டு ஆரஞ்சு ஜூஸ் போத்தல். உள்ளே கேமரா ஃபிலிம் கழுவின பழைய ஃபிக்ஸர் தண்ணி. அங்க கெமிக்கல் கழிவு எடுக்குற இடத்துல கொடுக்கணும்.

லோங்காங் சாக்கடையில ஊத்தாததுல எனக்கு ஒரே பெருமை.

கார் ஓட்டுற அக்கா மூக்கை உறிஞ்சினாங்க. "ஃபிக்ஸரா தம்பி?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம்ல பதினஞ்சு வருஷம் மோந்தது லா. அதைப் போய் ஜூஸ் போத்தல்லயா வைப்பாங்க? வீட்டுல யாராச்சும் குடிச்சா?"

சிவப்பு விளக்குல மார்க்கரை நீட்டினாங்க. "அந்த ஆரஞ்சு படத்தைக் கிழிங்க. குடிக்காதேன்னு எழுதுங்க. மலாய்லயும்."

இறங்குற வரைக்கும் எழுதினேன். என்ன மனுஷி!

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தா, ஐஸ்கிரீம் டப்பாவுல கருவாடு.

உங்க வீட்டுல மட்டும் ஐஸ்கிரீமா இருக்கு?