நான் வாசிக்காமல் விட்ட நான்கு அத்தியாயங்கள்

ஆறு வருடங்களுக்கு முன், ஆடி மாத மழையில், கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. என் கணவர் அங்கே தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். மூத்த மகளுக்கு அப்போது பத்து மாதம். ஹட்டனில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு நாவல் பைத்தியம் அதிகம். இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவற்றைக் கணவர் கடைவீதியில் வாங்கி வருவார். ஆனால் வீட்டு வேலையெல்லாம் முடித்து, மாமியார் குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் உரக்க வாசிப்பேன். அவர்கள் ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தபடி கேட்பார்கள். சும்மா கேட்கவும் மாட்டார்கள். பெண்டாட்டியை எந்நேரமும் திட்டுகிற ஒரு கதாநாயகனைப் பற்றி, “இவன நம்ம கங்காணிகிட்ட ஒரு வாரம் வேலைக்கு விட்டாப் போதும், வாயே தொறக்க மாட்டான்” என்று ஒருத்தி சொல்ல, மாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

அவர்களில் ஒருத்தி என் வயதுக்காரி. கொழுந்து பறிப்பவள். முதல் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வாரங்களே இருந்தன. கால்கள் வீங்கியிருந்ததால், நாங்கள் டொக்டர் ஐயா என்று கூப்பிடும் தோட்டத்து மருந்துக்காரர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடச் சொல்லித் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றை அறுத்துவிடுவார்கள் என்று லயத்தில் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். போவதா, வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசித்துக்கொண்டிருந்த நாவலில் அடுத்தது பிரசவ அத்தியாயம். அதை நான் முந்தின நாளே படித்து அழுதிருந்தேன். ஒரு கிராமத்துப் பெண் வீட்டிலேயே வலியெடுத்துக் கிடக்கிறாள். மருத்துவச்சியால் முடியவில்லை. அவளை ஏற்றிப்போக வருகிற மாட்டுவண்டி மழையில் ஆற்றைக் கடக்க முடியாமல் நிற்கிறது. குழந்தை உயிரில்லாமல் பிறக்கிறது. இந்தக் காலத்து நாவலாசிரியர்களுக்கு இரக்கமே கிடையாது, நம்மை அழ வைக்கப் பச்சைப் பிள்ளையைக்கூடக் கொன்றுவிடுகிறார்கள் என்று கணவரிடம் கோபித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் நான்கு அத்தியாயங்கள் இருந்தன. அவற்றில் அடுப்பு மூட்டுவதும் தண்ணீர் எடுப்பதும்தான் என்று சரியாகப் படிக்காமல் தள்ளிவிட்டேன்.

ஞாயிறன்று நான் புத்தகத்தை எடுத்ததும் மாமியார் பக்கத்தில் வந்து, “புள்ளத்தாச்சி ஒருத்தி வந்து ஒக்காந்திருக்கா. ஒப்பாரி கிப்பாரி வாசிச்சு வைக்காத தாயி” என்றார். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. ஆற்றங்கரையில் வண்டி நிற்கிற இடம் வரை எழுதியிருந்தபடியே வாசித்தேன். பிறகு கண்கள் தாளிலேயே இருக்க, வாய் வேறு கதை சொன்னது. மழை விட்டுவிட்டது என்றேன். வண்டியே வேண்டியிருக்கவில்லை, மருத்துவச்சி கைராசிக்காரி, வீட்டிலேயே பிள்ளை வீறிட்டு அழுதது என்றேன். அத்துடன் கதை முடிந்தது என்று புத்தகத்தை மூடினேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாள் மாலை, மலையிலிருந்து இறங்கும் வழியில் அவள் எங்கள் வேலியருகே நின்றாள். சிரித்துக்கொண்டே, “கதையில அந்தப் பொண்ணு வீட்டுலயே பெத்துக்கிட்டா இல்லிங்களாம்மா? நானும் மருத்துவச்சியவே கூப்பிட்டுக்கிறேன். மனசு தெம்பாயிருச்சு” என்றாள்.

அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பார்த்தேன். மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். படித்தவள் பொய்யாக வாசித்தாள் என்று லயம் முழுக்கப் பேசுவார்களே என்றும் இருந்தது. “டொக்டர் ஐயா சொன்னதையும் யோசிச்சுக்க” என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். காதில் விழுந்ததா, தெரியாது.

அடுத்த வாரம் ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. மத்தியானமாகியும் மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோட்டத்து லொறியைக் கேட்டு ஆள் ஓடியது. கீழே பாதையில் மண் சரிந்திருந்ததால் லொறி வரவில்லை. கம்பளியில் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் பிழைத்தாள். ஆண் குழந்தை, உயிரில்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்காரி அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமியார் சொன்னார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். அன்று வேறு யாரும் வரவில்லை. மாமியாரும் கோயிலுக்குப் போயிருந்தார். அவளைக் கண்டதும் மடியிலிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“எதுக்கும்மா புள்ளய உள்ளுக்குக் கொண்டு போறீங்க? நான் ஒண்ணும் கண்ணு வைக்க மாட்டேன்” என்றாள்.

நான் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். “அந்தப் புள்ள பொறந்து அழுவுதே, அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசிங்கம்மா” என்றாள்.

புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைப் புரட்டினேன். உயிரில்லாத பிள்ளையைத் துணியில் சுற்றுவதாக அங்கே எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பழைய பொய்யைத் திரும்பச் சொல்ல முயன்றேன். முன்பு என்ன சொன்னேன் என்பதே நினைவில்லை. தட்டுத்தடுமாறி ஏதோ சொன்னேன்.

அவள் தடுத்தாள். “போன தடவ மழை விட்டிருச்சுன்னு வாசிச்சீங்க. இப்ப மழையவே காணோமே.”

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியிருப்பது வேறு, நீ பயந்துவிடுவாய் என்று மாற்றினேன், வேலியருகே நீ சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் என் கையிலிருந்த புத்தகத்தைத்தான் பார்த்தாள்.

“அப்ப அவளுக்கும் புள்ள இல்லையா?” என்று கேட்டாள். பிறகு, “அதுக்கப்புறம் அவ என்னா செஞ்சா? அத வாசிங்க” என்றாள்.

நான் சலிப்பென்று தள்ளிய அந்த நான்கு அத்தியாயங்களையும் அன்று வாசித்தேன். அந்தப் பெண் மூன்றாம் நாள் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். குழம்பில் உப்பு இல்லை என்று புருஷன் சொல்ல, அவனோடு சண்டை போடுகிறாள். மார்பில் பால் கட்டிக்கொள்ள, யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறத்தில் போய்ப் பீய்ச்சி விடுகிறாள். அந்த வரி வந்ததும் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவளுக்கும் கட்டிக்கிச்சா? எனக்குந்தாம்மா. எங்க வீட்டுல ஒருத்தருகிட்டயும் சொல்லல” என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். பிள்ளை போன நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். போகும்போது, “இத ஏம்மா வாசிக்காம விட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். என் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை.

மறு வருடம் கணவருக்கு வேறு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. அவளைப் பிறகு பார்க்கவில்லை. நான் எழுதியிருந்தபடியே வாசித்திருந்தால் அவள் அந்தத் துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாளா, அப்படிப் போயிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மகளுக்கு ஒரு வயது கூடும் ஒவ்வொரு முறையும், அவளைவிடப் பத்து மாதம் சின்னவனாக ஒரு பையன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.