வாப்பா ஏன் பள்ளிக்குப் போகவில்லை

மழைக்குக் காயாத சாரனின் வாசம்... அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

இரத்தோட்டையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் வாப்பாவின் சாரன்கள் வரிசையாகத் தொங்கும். மலையிலிருந்து இறங்கும் பனியில் ஒன்றும் காயாது. உம்மா ஒவ்வொன்றாக அயர்ன் பண்ணி ஈரத்தை எடுப்பார். நான் அப்போது மாத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. பின்னேரம் பஸ்ஸில் வந்து வீட்டுக்குள் கால் வைத்தால் அந்த வாசம்.

வாப்பாவுக்கு புரொஸ்டேட் கேன்சர். வெளியே பரவவில்லை, வெட்டி எடுக்கலாம் என்றார்கள். அன்றைய ஆபரேஷன் என்றால் தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு வெட்டு, ரத்தம் ஏற்ற வேண்டும், ஆஸ்பத்திரியில் கிடை, பிறகு டியூப்.

நோய் போனது. மூத்திரம் நிற்கவில்லை. இருமினால் போகும், எழும்பினால் போகும். பெரியவர்களுக்கான பேட் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை... உம்மாவின் பழைய சேலைத் துணிதான்.

மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்ற மனிதர். ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளியில் முதல் வரிசையில் நின்றவர். ஒரேயடியாகப் போவதை நிறுத்திவிட்டார்.

“சுத்தம் நிக்குதில்ல மகன். பள்ளிப் பாயில பட்டா என்ன செய்ற? ஒருத்தருக்கும் சொல்லிராத.”

“பள்ளி ஹஸரத்திட்ட மார்க்கம் என்ன சொல்லுதெண்டு ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்,” என்றார் உம்மா.

“இதப் போயா கேக்குற?”

அத்தோடு பேச்சு முடிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பள்ளியில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யும் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துக் குழாய் போட்டிருந்தார்கள். அந்தக் கோபத்தில்தான் வாப்பா வருவதில்லை என்று கதை கட்டிவிட்டார்கள். நோன்புக்கு முன் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நிர்வாகத்தில் இரண்டு பேர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள்.

“தொட்டி விசயத்துல எங்க மேல பிழ இருந்தா மாப்புச் செய்ங்க நானா.”

வாப்பா கதிரையை விட்டு அசையவில்லை. எழும்பினால் தெரிந்துவிடும். நடக்காத சண்டைக்கு, “மாப்புச் செஞ்சிட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. வந்தவர்களுக்கு எழும்பி நிற்காதவன், மாப்புக் கேட்டும் மனம் இளகாதவன் என்று பேசினார்கள். அந்தப் பேரோடுதான் மவுத்தானார்.

போன வருடம் எனக்கும் அதே நோய். இப்போது சிலருக்கு வெட்டுவதே இல்லையாம்... ரத்தம் சோதித்துச் சோதித்துக் காத்திருப்பார்களாம். எனக்கு எடுக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே கெமரா, நரம்புக்குச் சேதம் வராமல் பக்குவமாக எடுத்தார்கள். சில நாளில் வீடு வந்தேன். பேட் பார்மசியிலேயே கிடைக்கிறது. எனக்கும் கொஞ்ச காலம் கசிந்தது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஹஸரத்திடம் போனேன்.

“பேட் கட்டிக்கங்க. ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்த பொறகு புதுசா வுழூ செஞ்சிட்டு வாங்க. நோயாளிக்கு மார்க்கத்துல எடம் ஈக்குதானே.”

“இது இப்ப வந்த சட்டமா ஹஸரத்?”

“இல்லையே... எப்பவும் உள்ளதுதான்.”

வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆபரேஷன் முறை மாற எத்தனையோ வருடம் பிடித்தது. அது வாப்பாவுக்குக் கிடைக்கவில்லை, சரி. ஆனால் இந்தப் பதில் அன்றைக்கும் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது...

அந்த நாட்களில், பாங்கு கேட்டதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பள்ளியைப் பார்த்த ஜன்னலைத் திறந்து, பள்ளியில் தொழுகை முடியும்வரை அங்கேயே நிற்பார் வாப்பா.

இப்போது நான் பள்ளிக்குப் போகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த ஜன்னல் தெரிகிறது.